மலையூரில் ஒரு நாள் ஓய்வு: தேவையா, வீணா?

ஒற்றைமிதி:
11 நாள் சைக்கிள் பயணம். 7-ஆம் நாள் மாலை 2,800 மீட்டர் உயரத்தில் ஒரு மலையூரில் போய் இறங்கினேன். "ஒரு நாள் நின்று போ" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். சரி என்று 8-ஆம் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். மறுநாள் ஏற்றத்தில் கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. முதல் 10 கிலோமீட்டர் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஒரு நாளும் ஓட்டியிருந்தால் தினமும் 15 கிலோமீட்டர் குறைத்து ஓட்டியிருக்கலாம். ஓய்வு நாள் சுத்த வீண்.

நிதானம்:
முதல் 10 கிலோமீட்டர் சரி. அதற்கப்புறம்?

ஒற்றைமிதி:
அப்புறம் பரவாயில்லை. அதற்காக ஒரு முழு நாளையா கொடுப்பது?

நிதானம்:
நின்றது தப்பில்லை, படுத்தே கிடந்ததுதான் தப்பு. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் 21 கட்டப் பந்தயத்துக்கு நடுவே 2 ஓய்வு நாள். அன்றைக்கும் வீரர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக மிதித்துவிட்டுத்தான் வருவார்கள். கால் இறுகிவிடக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று: நாள்கணக்கில் மிதித்தால் தசையில் எரிபொருளாகச் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை வற்றிவிடும். மாவுச்சத்தாகவே சாப்பிட்டாலும் அது முழுக்க நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

ஒற்றைமிதி:
அவர்களுக்குச் சமைக்க ஓர் ஆள், துணி துவைக்க ஓர் ஆள். கேரியரில் 20 கிலோ மூட்டையும் கிடையாது. அந்த ஒப்பீடே வேண்டாம்.

மேடேறி:
இரண்டு பேரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். 2,800 மீட்டர் என்பதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. 2,500-க்கு மேல் போனாலே சிலருக்கு உயர நோய் வரும். போய்ச் சேர்ந்ததும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைவலியும் குமட்டலும் தொடங்கும். 3,000-க்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, 3 அல்லது 4 நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பரிந்துரை. மறுநாள் இரவு எங்கே தூங்கினீர்கள்?

ஒற்றைமிதி:
3,400. தலைவலி எல்லாம் இல்லை.

மேடேறி:
ஒரே நாளில் 600 மீட்டர்! முந்தின நாள் நிற்காமல் ஏறியிருந்தால் வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வராமலும் போயிருக்கலாம். ஆனால் நாள் வீண் என்று நீங்கள் போட்ட கணக்கில் இந்த வரியே இல்லையே.

ஒற்றைமிதி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தாலும் தேவைப்பட்டது இன்னொரு இரவுதான், ஓய்வு இல்லை. பகலில் மூட்டையை அறையில் போட்டுவிட்டு மேலே ஏறி, திரும்பி வந்து தூங்கியிருக்கலாம்.

நிதானம்:
மெதுவாக மிதியுங்கள் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்றீர்கள்!

சங்கிலி:
என் ஓய்வு நாளில் சும்மா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின் பிரேக் கட்டை தேய்ந்து, அதற்குள் இருக்கும் இரும்பே ரிம்மில் உரசத் தொடங்கியிருந்தது. மறுநாள் பாதை 30 கிலோமீட்டர் இறக்கம். அன்றிலிருந்து யார் வீண் என்றாலும் நான் நின்றுதான் போகிறேன்.

ஒற்றைமிதி:
கட்டையைப் பார்க்க 5 நிமிடம் போதுமே.

சங்கிலி:
போதும். அந்த 7 நாளில் எத்தனை முறை பார்த்தீர்கள்?

ஒற்றைமிதி:
...அடுத்த பயணத்திலும் நிற்கப் போவதில்லை. கட்டையை மட்டும் பார்க்கிறேன்.