துபாயிலிருந்து வந்த பவர் பத்திரம்: பதிவு ஆபீஸில் நின்றுபோன கதைகள்

திருமங்கலம் பத்திர எழுத்தர்:
துபாய்ல இருக்கிற மகன், தன் சார்பா இங்க உள்ள சொத்தை விக்க அதிகாரம் கொடுத்து அனுப்பின பவர் பத்திரத்தை, மஞ்சப்பையிலிருந்து ஒரு அம்மா எடுத்து நீட்டுனாங்க. துபாய்ல உள்ள இந்தியக் கான்சுலேட் (துணைத் தூதரகம்) முத்திரை பளிச்சுனு இருக்கு. "சீல் இருக்குல்ல தம்பி, இன்னிக்கே பதிஞ்சிரலாமா?" மகன் அனுப்பி எட்டு மாசமா பீரோவுல கிடந்திருக்கு. வெளிநாட்டுல கையெழுத்தான பவருக்கு, இந்தியாவுக்குள்ள வந்த 3 மாசத்துல முத்திரைத் தீர்வை கட்டணும். மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல அட்ஜுடிகேஷன்னு கேளுங்க, தீர்வை எவ்வளவுன்னு முடிவு பண்றதுதான் அது. கான்சுலேட் சீல் கையெழுத்துக்குத்தான் அத்தாட்சி, தீர்வைக்கு ஈடாகாது. கூரியர் கவரைத் தூக்கிப் போட்டுராதீங்க, வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். அந்தம்மாகிட்ட கவரும் இல்ல.

மேலூர் சர்வேக்காரர்:
அண்ணே, தேதி சரி. ஆனா அதிகமா திரும்பி வர்றது சொத்து விவரத்தாலதான். போன மாசம் ஒரு பவர்ல சர்வே நம்பர் 112/3. பட்டாவுல உட்பிரிவாகி 112/3பி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசல. ஒரு எழுத்துக்காக மகன் மறுபடி லீவு போட்டுக் கான்சுலேட்ல நிக்கணும். வரைவை இங்க எழுதி அனுப்புங்க: உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கு எல்லை, மூலப்பத்திர எண். பேரு பாஸ்போர்ட்டுல உள்ளபடி. கான்சுலேட் அதிகாரி முன்னாடிதான் கையெழுத்து, ரூம்லயே போட்டுட்டுப் போகக் கூடாது.

அண்ணாநகர் வரிக் கணக்கர்:
ரெண்டு பேருமே பதிவோட நிறுத்திட்டீங்க. பணம் வாங்கும்போதுதான் அடி விழுது. 20 லட்சத்துக்கு வாங்கி, பல வருஷம் கழிச்சு 40 லட்சத்துக்கு வித்த மனை. வாங்கினவர், விலையில 1 சதவீதத்தை வரியாப் பிடிக்கிற வழக்கமான கணக்கோட வந்தார். அது இந்தியாவுல குடியிருக்கிறவர் வித்தாத்தான், அதுவும் 50 லட்சத்திலிருந்துதான். விக்கிறவர் என்ஆர்ஐன்னா (வெளிநாடுவாழ் இந்தியர்) அந்த வரம்பே கிடையாது. லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதுமேல 4 சதவீத செஸ். லாபம் 20 லட்சத்துக்கு வரி 2.6 லட்சம்தான். குறைவா வரி பிடிச்சாப் போதும்னு வருமான வரித்துறை கொடுக்கிற குறைந்த பிடித்தச் சான்று இல்லாததால முழு விலைக்கும் 5.2 லட்சம் பிடிச்சாச்சு. மீதியை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும், மாசக்கணக்கா ஆகும். சான்றுக்குப் பதிவுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும். இன்னொண்ணு: வெளிநாட்டு வேலைக்குப் போனதுமே இங்க உள்ள சாதா சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்கா (என்ஆர்ஐக்காரங்க இங்க வச்சுக்கிற ரூபாய்க் கணக்கு) ஆக்கிரணும். பெரும்பாலான வீட்டுல ஏடிஎம் கார்டை அப்பாகிட்ட கொடுத்துட்டுப் போறதோட சரி. விலைப்பணம் என்ஆர்ஓ கணக்குல விழுந்தா, வரி கட்டின கணக்கைக் காட்டி நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளிய கொண்டுபோகலாம்.

உசிலம்பட்டி:
வரி பிறகு. ஏன் எல்லாரும் எல்லா அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கிற பொதுப் பவர் கொடுக்கிறாங்க? அண்ணனுக்கு அப்படிப் பவர் கொடுத்திருந்த ஒரு தம்பி, லீவுல வந்து செல்போன்ல வில்லங்கம் போட்டுப் பார்க்கிறான், அந்தப் பவரை வச்சு அண்ணன் சொத்தை அடமானம் வச்சிருக்கார். அந்தப் பையன் திரையை மேல கீழ தள்ளிக்கிட்டே இருந்தான். ஒரு மனை விக்க, அந்த ஒரு மனைக்கு மட்டும் தனிப் பவர் போதும். அடமானம் வைக்க அதிகாரம் இல்லைன்னு தெளிவா எழுதுங்க. பதிவுத்துறை இணையத்துல வில்லங்கம் இலவசமாவே பார்க்கலாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா பாருங்க.

திருமங்கலம் பத்திர எழுத்தர்:
உசிலம்பட்டி அண்ணே சொல்றது சரிதான், ஆனா தனிப் பவர்ல பட்டா மாறுதல், வரி ரசீது, விலைப்பணம் வாங்கி ரசீது கொடுக்கிறது இந்த மூணையும் சேர்க்க மறந்துராதீங்க. விட்டுட்டா மறுபடி கான்சுலேட்தான்.