'பொலன் ஷேரிங்' என்பதற்கு ஒரு சொல்: பூந்தாதுக் கைமாற்று?

கோவையிலிருந்து:

வணக்கம்ங்க. டைட்டன் ஆரம் மாதிரிப் பெரும்பூச் செடி வளர்ப்பவர்கள் தங்களுக்குள் மகரந்தம் கொடுத்து வாங்கும் 'பொலன் ஷேரிங்' முறையைக் கையேட்டு வரைவில் 'மகரந்தப் பகிர்வு' என்று போட்டிருக்கிறோம். பகிர்வு என்றால் இருப்பதைப் பங்கு போடுவது. இங்கே நடப்பது அதுவல்ல.

சுமத்திராக் காட்டுச் செடி இது. பூத்தண்டின் அடியில் பெண்பூ, அதற்கு மேல் ஆண்பூ. பாளை விரிகிற முதல் இரவில் பெண்பூ தாது, அதாவது மகரந்தம், ஏற்கும். ஆண்பூ தாது விடுவதோ மறுநாள். அதற்குள் பெண்பூவில் தாது ஏற்கும் நுனியான சூல்முடி காய்ந்துவிடும். தன் தாது தனக்கு ஆகாது என்பதுதான் இதன் அடிப்படை. பூத்த கிழங்கு மறுபடி பூக்கப் பல ஆண்டு ஆகலாம். ஆகவே இன்றைக்குப் பூத்தவர் தாதை எடுத்து வைத்து ஒருவருக்குத் தருகிறார். தன் செடி அடுத்துப் பூக்கும்போது இன்னொருவரிடம் வாங்குகிறார்.

இதற்குப் 'பூந்தாதுக் கைமாற்று' என்று வைக்கலாமா? பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாத்து வாங்கினால் அதே சர்க்கரையையா திருப்பித் தருகிறோம்? வட்டி இல்லை, பத்திரம் இல்லை. திருப்பவேண்டும் என்பது மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். வெறும் 'தாது' என்றால் தாது உப்பு நினைவுக்கு வரும், அதனால்தான் 'பூந்தாது'.

பொள்ளாச்சியிலிருந்து:

அண்ணா, கைமாத்து சரிதான். ஆனால் கைமாத்துக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லையே. இந்த வேலையில் எழுத்துதான் உயிர். 2025-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சிகாகோ தாவரவியல் பூங்காவும் சேர்ந்து, 111 நிறுவனங்களில் உள்ள ஏறக்குறைய 1,200 செடிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். 24 விழுக்காடு ஏதோ ஒரு செடியின் நகல்கள், 27 விழுக்காடு நெருங்கிய உறவுச் செடிகளுக்குப் பிறந்தவை. நெருங்கின உறவில் சேர்த்ததில் கன்றெல்லாம் பச்சையம் இல்லாமல் வெளுத்துச் செத்ததும் உண்டு. யார் தாது யாருக்குப் போனது என்று எழுதாததால் வரும் வினை இது. அதனால் 'தாதுமொய்' என்கிறேன். கொடுத்ததும் எழுதப்படும், திரும்பி வருவதும் எழுதப்படும்.

சொல் எதுவானாலும் கையேட்டில் செய்முறை தெளிவாக வரவேண்டும். முதல் நாள் சாயங்காலம் அடிப்பாளையில், பெண்பூ வட்டத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சன்னல் வெட்ட வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் சூல்முடி சிதையும். மஞ்சள் சூல்முடி பிசுபிசுப்பாக இருக்கும்போதே மெல்லிய தூரிகையால் தாதைத் தடவ வேண்டும். தூரிகை எட்டாத பின்பக்கம் காய் பிடிக்காது. எதிர்ப்பக்கமும் ஒரு சன்னல் வெட்டினால் வட்டம் முழுக்க எட்டும்.

மறுநாள் அதே வழியாக ஆண்பூவுக்குக் கீழே அலுமினியத் தாளைச் சொருகித் தாதைத் தட்டி எடுப்பது. நூல் நூலாகத் தள்ளிக்கொண்டு வரும். ஈரத்தோடு டப்பியில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தாளில் மெல்லிசாகப் பரப்பி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் உலர்த்தி, டீ வடிகட்டியில் சலித்து, சின்னக் குழாய்களில் கால் டீஸ்பூன் வீதம் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். ஏன் பிரிக்கவேண்டும் என்றால், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப வெளியே எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஈரம் கோத்துக்கொள்ளும். தானே பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம், அதில் சூடு ஏறி இறங்கும்.

எடுத்த குழாயை மூடி திறக்காமல் அரை மணி நேரம் அறைச் சூட்டில் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாதின்மேல் நீராகப் படியும், தாது உப்பி வெடிக்கும். பெரும்பாலும் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். சித்திரை வெயிலில் பஸ் பார்சலில் போடுவதானால் ஐஸ் பை வைத்த தெர்மாகோல் பெட்டி கட்டாயம்.

பழகுவதற்கு நம்மூர்ச் சேனையே போதும். ஒரே பேரினம், அதிலும் பெண்பூதான் முந்தும். அறுவடை செய்யாமல் விட்ட கிழங்கு பூத்தால் சன்னல் வெட்டிப் பாருங்கள், கை படிந்துவிடும்.

கோபியிலிருந்து:

இரண்டு பேருக்கும் வணக்கம்ங்க. மொய் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே வேறொரு சிக்கல் உண்டு. இந்தப் பூவின் நாற்றத்துக்குப் பிண ஈயும் வண்டும் மொய்க்கும். 'தாதுமொய்' என்று படித்தால் பூச்சி மொய்ப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கொடை என்றாலும் ஆகாது, அதில் திரும்பி வருவதே இல்லை. கைமாற்றுதான் பொருந்துகிறது. ஆனால் அச்சில் 'கைம்மாறு' ஆகிவிடாமல் பார்க்கவேண்டும், அது நன்றிக்கடன்.

பொள்ளாச்சிக்காரர் கேட்ட எழுத்துக்குத் தனிச்சொல் வைப்போம்: 'தாதுப் பேரேடு'. கடைக்காரருக்குப் பேரேடு தெரியும், இங்கே செடியின் பேரும் அதில் ஏறும்.

பொள்ளாச்சியிலிருந்து:

பேரேடு நல்லா இருக்குங்க. மொய்யை விட்டுவிடுகிறேன். பதிவு இப்படிப் போகட்டும்:

பூந்தாதுக் கைமாற்று: பூத்த செடியின் தாதை உலர்த்திச் சேமித்து, உறவில்லாத வேறொரு செடியின் பெண்பூவுக்குத் தந்து, தன் செடி பூக்கும் காலத்தில் அதுபோலவே பெற்றுக்கொள்ளும் வளர்ப்போர் வழக்கம். ஒவ்வொரு குழாயின்மேலும் தாது தந்த செடியின் எண், தாது எடுத்த தேதியும் நேரமும், உலர்த்திய நாள், சேமித்த சூடு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. பேனா மை உறைபனியில் அழியும். அதே விவரம் தாதுப் பேரேட்டிலும் ஏறவேண்டும்.