ஏர் பிஸ்டல் பயிற்சியில் சலிப்பு: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் சில ஆண்டுகளாகப் பயிற்சி செய்து வருகிறேன். மாலையில் வேலை முடிந்ததும் கிளப்புக்குச் சென்று, சிறிது நேரம் உடலைத் தளர்த்திக்கொண்டு, போட்டியில் சுடுவதைப் போலவே 60 ஷாட்களையும் சுட்டு, மதிப்பெண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீடு திரும்புவதே என் வழக்கம். தொடக்கத்தில் மதிப்பெண் சீராக ஏறியது. இப்போதோ நெடுநாளாக, மொத்தம் 600க்கு, 550க்கும் 560க்கும் இடையிலேயே நிற்கிறது. முதல் பத்து ஷாட்களில் 90க்குக் கீழே போய்விட்டால் மீதி ஐம்பதையும் கடமைக்காகவே சுடுகிறேன். கிளப்புக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் தேடும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பதுதான் என்னை வருத்துகிறது, ஏனெனில் இந்த விளையாட்டின் மீது எனக்கு உள்ள விருப்பம் குறையவில்லை.

எங்கள் பயிற்சியாளர் வார இறுதியில் மட்டுமே வருகிறார். மற்ற நாட்களில் பயிற்சியை எப்படி மாற்றி அமைக்கலாம்? அப்படி மாற்றினால் இதுவரை கைவந்த நுட்பம் கலைந்துவிடுமா?

குறிஞ்சிமலர் எழுதியது:

வணக்கம் சகோதரரே. நீங்கள் எழுதியதைப் படித்தவரை, நாள்தோறும் தேர்வு எழுதுகிறீர்கள், பாடம் படிப்பதற்கென்று ஒரு நாளும் ஒதுக்கவில்லை. மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாக வைத்திருக்கும்போது அது ஏறாத நாளெல்லாம் வீணான நாளாகத் தோன்றும். ஆகவே முதலில் மதிப்பெண்ணைப் பயிற்சியிலிருந்து பிரித்து வையுங்கள். ஒவ்வொரு மாலைக்கும் ஒரே ஒரு கேள்வியுடன் செல்லுங்கள்: இன்று டிரிகரை நிறுத்தாமல் அழுத்துகிறேனா, அல்லது இன்று சுட்ட பிறகும் சைட்டை (பிஸ்டலின் மேலுள்ள குறிபார்க்கும் பகுதி) பார்த்துக்கொண்டே இருக்கிறேனா என்பது போல.

எனக்கு மிகவும் பயன்பட்டது வெற்றுத் தாள் பயிற்சி. இலக்குத் தாளைத் திருப்பி மாட்டி, கருவட்டமே இல்லாத வெள்ளைப் பரப்பின் மீது சுட வேண்டும். இதன் காரணத்தைக் கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். நடுவிலுள்ள பத்தாவது வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் எனும் சிறு குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் அது பத்து. கை முழுவதும் சாயாமல் சில மில்லிமீட்டர் ஆடினால், இலக்கிலும் அதே சில மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் முனையிலுள்ள ஃப்ரண்ட் சைட், பின்னாலுள்ள ரியர் சைட்டின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், இரண்டுக்கும் இடையே 32 செ.மீ. தூரம் எனக் கொண்டால், 10 மீட்டரில் அது ஏறத்தாழ 31 மி.மீ. விலகலாகப் பெருகும். வளையத்திற்கு வளையம் 8 மி.மீ. என்பதால், பத்தாக வேண்டியது ஆறாகவோ ஏழாகவோ போய்விடும். கருவட்டம் கண்ணை இழுக்கும்போது நாம் சைட்டை விட்டுவிட்டு இலக்கைப் பார்க்கிறோம். வெள்ளைத் தாளில் பார்ப்பதற்குச் சைட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

குறிப்பேட்டைக் கைவிட வேண்டாம், அதில் எழுதுவதை மட்டும் மாற்றுங்கள். சுட்ட கணத்திலேயே, மதிப்பெண் காட்டும் திரையைப் பார்ப்பதற்கு முன், அது எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று மனத்துக்குள் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள். மதிப்பெண் நகராத வாரங்களிலும் இந்த எண் நகரும், அதைப் பார்க்கும்போது ஆர்வம் தானாகத் திரும்பும்.

பழைய பயிற்சியாளர் எழுதியது:

தம்பி, மேலே அந்தச் சகோதரி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நுட்பம் கலைந்துவிடுமா என்ற உங்கள் அச்சத்துக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன். மாற்ற வேண்டியது செய்யும் வேலையை. கருவியையோ நிற்கும் முறையையோ அல்ல. சலிப்பு வந்தவுடன் கிரிப்பை அரத்தால் தேய்ப்பதும், பெல்லட் பிராண்டை மாற்றுவதும், டிரிகரின் எடையை, அதாவது அதை அழுத்தத் தேவையான விசையை, திருகிப் பார்ப்பதும் பலரிடம் நான் கண்ட பழக்கம். இரண்டு நாள் புதுமையாக இருக்கும், அதன் பிறகு எதனால் மதிப்பெண் இறங்கியது என்பதே தெரியாமல் போகும். நிற்கும் நிலை, பிடி, மூச்சு, டிரிகரை அழுத்தும் வரிசை ஆகியவை எந்தப் பயிற்சியிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வேலையை மாற்றுவதற்கு இந்த விளையாட்டின் மற்றப் பிரிவுகளே வழி காட்டுகின்றன. மகளிர் 25 மீட்டர் பிஸ்டலின் வேகப் பகுதியில், 45 பாகை தாழ்த்திய கையை உயர்த்தி, மூன்று வினாடிகளுக்குள் ஒரு முறை சுட வேண்டும். அடுத்ததற்கு முன் ஏழு வினாடி இடைவெளி. அதே தாளத்தை ஏர் பிஸ்டலில் டிரை ஃபயராக, அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் அழுத்தி, செய்து பாருங்கள். சைட் முழுமையாக நிற்கட்டும் என்று நெடுநேரம் காத்திருந்து, கண்ணும் கையும் களைத்த பிறகு டிரிகரைப் பறிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் அறியவில்லை. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்று, சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியிலும் வெண்கலம் வென்று, 25 மீட்டர் பிஸ்டலில் நான்காம் இடம் பெற்றார். ஏர் பிஸ்டலில் டிரிகர் எடை குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலில் குறைந்தது 1000 கிராம். இரண்டுக்கும் விரலைப் பழக்குவது நுட்பத்தைக் கெடுக்கும் என்றால் அப்படி ஒரு வாரம் அவருக்கு அமைந்திருக்காது.

டிரை ஃபயரை வீட்டிலும் செய்யலாம். பெல்லட் டப்பா அந்த அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. பிஸ்டல் காலியாக இருப்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். யாரும் நடமாடாத சுவரை நோக்கியே நிற்க வேண்டும். இதில் எவருக்கும் விலக்கு இல்லை.

வார இறுதியில் நண்பர்கள் கூடும்போது ஒரு இறுதிச் சுற்று நடத்துங்கள். பாரிஸில் இருந்த முறைப்படி, முதலில் ஐந்து ஷாட் கொண்ட இரண்டு சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 250 வினாடிகள், பிறகு ஒவ்வொரு ஷாட்டுக்கும் 50 வினாடிகள், பன்னிரண்டாவது ஷாட்டிலிருந்து இரண்டு ஷாட்டுக்கு ஒருவராக வெளியேற்றம், மொத்தம் 24. தகுதிச் சுற்றில் 10.0, 10.9 இரண்டுக்கும் பத்துதான். இறுதிச் சுற்றில் தசமமும் சேரும், எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். பின்னால் ஒருவர் நின்று உரக்க மதிப்பெண் சொல்லும்போது கை எப்படி மாறுகிறது என்பதைத் தனியாகச் சுடும் மாலைகளில் கற்க முடியாது.

தென்பொதிகை எழுதியது:

இருவரும் சொன்னவை நல்லவையே, ஆயினும் ஒரு இடத்தில் நான் வேறுபடுகிறேன். 60 ஷாட் முழுவதையும் சுடுவதை அடியோடு விட்டுவிட வேண்டாம். போட்டியில் 15 நிமிட ஆயத்த நேரமும் அதற்குப் பின் 75 நிமிடமும் அதே இடத்தில் நிற்கத்தான் வேண்டும். நாற்பதாவது ஷாட் அருகே வரும் மந்த நிலையும் போட்டியின் ஒரு பகுதியே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே நேரக் கணக்குடன், இடையில் யாருடனும் பேசாமல் முழுமையாகச் சுடுங்கள்.

முதல் பத்து கெட்டால் மீதியைக் கடமைக்குச் சுடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பதிவில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த வரி அது. தென்கொரியாவின் ஜின் ஜோங் ஓ 2016 ரியோ ஒலிம்பிக்கின் 50 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் ஒரு ஷாட்டில் 6.6 மட்டுமே பெற்றார். வெளியேறும் விளிம்புக்கு வந்துவிட்ட அவர் அதன் பிறகு ஒவ்வொருவராகக் கடந்து தங்கம் வென்றார். 2008, 2012 ஆண்டுகளுக்குப் பின் அதே பிரிவில் அவருக்கு அது மூன்றாவது தங்கம். தொடக்கம் கெட்ட நாள்தான் மீள்வதைப் பழக வாய்ப்புள்ள நாள். அந்த நாளில் பாதியில் மனம் விட்டுவிடப் பழகினால், போட்டியிலும் அதுவே வரும்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு ஐயம்: ஏறத்தாழ இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு போட்டி இருக்கிறது. இவற்றையெல்லாம் இப்போதே தொடங்கலாமா, அல்லது போட்டி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

பழைய பயிற்சியாளர் எழுதியது:

இப்போதே தொடங்குங்கள் தம்பி, ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக அல்ல. முதல் மாதத்தில் வெற்றுத் தாள், டிரை ஃபயர், விழும் இடத்தை முன்கூட்டிச் சொல்வது ஆகிய மூன்று மட்டும் போதும். அடுத்த சில வாரங்களில் தென்பொதிகை சொன்ன முழுப் போட்டியையும் இறுதிச் சுற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய வாரத்தில் ஷாட்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, புதிதாக எதையும் முயலாமல் இருங்கள். வாரத்தில் ஒரு நாள் பிஸ்டலைத் தொடவே வேண்டாம்; அன்று நடையோ, தோள், முதுகுக்கான பயிற்சியோ போதும். வார இறுதியில் உங்கள் பயிற்சியாளரிடம் குறிப்பேட்டைக் காட்டி, அடுத்த வாரத்துக்கான கேள்வியை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.