கிரிப்ட்டைத் தனிச்செல்லாகப் பிரித்தால் ஏன் சாகிறது?

கேள்வி:
சுண்டெலிச் சிறுகுடல் கிரிப்ட்டுகளை (குடல் சுவரில் ஸ்டெம் செல்கள் இருக்கும் சின்னக் குழிகள்) 2 மில்லிமோலார் ஈடிடிஏ கரைசலில் 30 நிமிடம் ஐஸில் வைத்துக் கழற்றுகிறோம். முழு கிரிப்ட்டாக மேட்ரிஜெல்லில் (செல்லைத் தாங்கும் புரத ஜெல்) போட்டால் மறுநாளே உருண்டையாகி, சில நாளில் மொட்டு விடுகிறது. அதையே டிரிப்எல்இ-யில் (டிரிப்சின் போன்ற, செல்களைப் பிரிக்கும் என்சைம்) 37 டிகிரியில் 5 நிமிடம் வைத்துத் தனிச்செல்லாக்கினால், மறுநாள் எல்லாம் கருத்துச் சுருங்கிக் கிடக்கின்றன. மீடியம் இரண்டுக்கும் ஒன்றே: ஈஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் என்ற சிக்னல் புரதங்கள். என்சைம் விஷமாகிறதா?

பதில் 1:
விஷம் இல்லை, அனோய்கிஸ். பிடிமானம் போன எபிதீலியச் செல் (குடல் போன்ற உறுப்பின் பரப்பை மூடும் செல்) தானே செத்துப்போவதற்கு 1994-இல் ஃபிரிஷும் ஃபிரான்சிஸும் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'வீடற்ற நிலை' என்று பொருள். பிடிமானம் என்றதும் எல்லோரும் மேட்ரிக்ஸை (செல்லைச் சுற்றியுள்ள புரத வலையை) மட்டும் நினைக்கிறார்கள். குடல் செல்லுக்குப் பக்கத்துச் செல்லும் பிடிமானம்தான். ஈ-கேடெரின் என்ற ஒட்டும் புரதம் இரண்டு செல்லையும் கோத்துக்கொண்டால் பிஐ3-கைனேஸ் என்ற என்சைம் வழியாக ஏகேடி என்ற புரதம் தூண்டப்பட்டு, சாவைத் தள்ளிவைக்கும். அந்தக் கோப்புக்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அதைத்தான் பிடுங்குகிறது. 30 நிமிடத்தில் கிரிப்ட் திசுவிலிருந்து கழன்றுவிடும், உள்ளே செல்கள் சேர்ந்தே இருக்கும். கூடுதல் நேரம் விட்டால் கிரிப்ட்டே உதிரும். கால்சியம் இல்லாத நேரத்தில் டிரிப்சின் வகை என்சைம் ஈ-கேடெரினையே வெட்டிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
ஒய்-27632 (ராக் கைனேஸ் என்ற என்சைமைத் தடுக்கும் மருந்து) போடுகிறீர்களா? 10 மைக்ரோமோலார், டிரிப்எல்இ-யிலேயே தொடங்கி, பிறகு மீடியத்தில் முதல் 48 மணி நேரம். தனித்துவிட்ட செல்லில் ராக் கைனேஸ் மயோசின் என்ற சுருங்க வைக்கும் புரதத்தை முறுக்கிவிடும். சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் புடைப்பதை மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்கலாம். அதை இந்த மருந்து தடுக்கும்.

வெறும் பாசேஜுக்கு (பிரித்து மறுபடி வளர்ப்பதற்கு) தனிச்செல் எதற்கு? ஒவ்வொரு நிமிடமும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சின்னக் கொத்தாகிவிட்டால், 10 சதவீத சீரம் கலந்த குளிர்ந்த மீடியத்தை ஊற்றி நிறுத்திவிடுங்கள். பிரித்த உடனே பார்க்கும் டிரைபான் புளூ (செத்த செல்லை நீலமாக்கும் சாயம்) கணக்கை நம்ப வேண்டாம். சாவு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

பதில் 3:
பிடிமானம் மட்டுமே கதை அல்ல. எல்ஜிஆர்5 (அடையாளப் புரதம்) உள்ள ஸ்டெம் செல்லுக்குப் பக்கத்தில், கிரிப்ட்டின் அடியில் இருக்கும் பேனத் செல்தான் அது வளரத் தேவையான விண்ட்3, ஈஜிஎஃப், நாட்ச் சிக்னல் எல்லாம் கொடுக்கிறது. ஸ்டெம் செல்லும் பேனத் செல்லும் ஒட்டிய ஜோடி, தனி ஸ்டெம் செல்லைவிடப் பல மடங்கு நன்றாக ஆர்கனாய்டு (ஆய்வகத்தில் வளரும் குடலின் சிறு மாதிரி) தரும் என்று உட்ரெக்ட் குழு 2011-இல் காட்டியது. கட்டாயம் தனிச்செல்தான் வேண்டுமென்றால் ஒய்-27632-வுடன் சிஎச்ஐஆர்99021 (விண்ட் சிக்னலைத் தூண்டும் மருந்து) 3 மைக்ரோமோலார் சேருங்கள். இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட வேண்டும்; விட்டுவைத்தால் மொட்டே வராமல் வெறும் நீர்ப்பைபோல உருண்டு நிற்கும். வில்லஸிலிருந்து (குடலின் விரல்போன்ற நீட்சி) வந்த முதிர்ந்த செல்கள் எது போட்டாலும் சாகும், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.