பழைய படைவாள் எதையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம்வாசி:

2023 மே மாதம் லண்டன் நியூ பாண்ட் தெருவில், போனாம்ஸ் ஏலக்கூடத்தில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாளை ஏலத்துக்கு முன்னால் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வேலை முடிந்த கையோடு போய் நின்றேன்.

கல் பதித்த பளபளப்பை எதிர்பார்த்துப் போனவனுக்கு முதலில் ஏமாற்றம்தான். குனிந்து பார்த்தபோதுதான் கைப்பிடி முழுக்கத் தங்க எழுத்து ஓடுவது தெரிந்தது. எல்லாம் இறைவனைப் போற்றும் வாசகங்கள். அலகில் 'ஷம்ஷீர்-எ-மாலிக்', அதாவது அரசனின் வாள். தாழிட்ட அறையில் தொங்கும் ஊஞ்சல் படுக்கை, பக்கத்தில் இரண்டு கைத்துப்பாக்கி, ஒரு வாள். திப்பு அப்படித்தான் தூங்குவாராம்.

எனக்கு வாளைவிடப் பிடித்தது அது கைமாறிய கதை. 1799 மே 4 அன்று திப்பு இறந்து, அவர் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தபின், தாக்குதலை நடத்திய மேஜர் ஜெனரல் டேவிட் பெய்ர்டுக்குப் படையின் சார்பில் கொடுத்த பரிசு இது. இந்த பெய்ர்டு யார்? 1780 செப்டம்பரில் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பொள்ளிலூர்ச் சண்டையில் மைசூர்ப் படையிடம் காயத்தோடு பிடிபட்டவர். 1784 வரை, ஏறத்தாழ மூன்றரை வருடம், அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு கிடந்தவர். அப்படிப்பட்டவர் கையில் போய்ச் சேர்ந்தது, தன்னைச் சிறையில் வைத்திருந்தவரின் தலைமாட்டு வாள். கொடுத்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

15 முதல் 20 லட்சம் பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 23ஆம் தேதி 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. எஃகுக்கும் தங்கத்துக்கும் அந்த விலை வராது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வரலாறு அறுபடாமல் கூடவே வந்ததற்குத்தான் அந்த விலை.

வேலூர்க்காரன்:

எங்கள் ஊர்ப்பக்கம் துருப்பிடித்த எந்தக் கத்தியைக் கண்டாலும் 'திப்புவோடது' என்பார்கள். 1799க்கு அப்புறம் அவர் பிள்ளைகளை இங்கே கோட்டையில்தான் வைத்திருந்தார்கள், அதனால் கதைக்குப் பஞ்சமில்லை. என் மாமா ஒரு வியாபாரியை நம்பி அப்படி ஒன்றை வாங்கிவிட்டார். கூடவே ஸ்டாம்ப் பேப்பரில் எழுதின ஒரு 'சான்று' வேறு.

பழைய பனியன் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கைப்பிடியின் பித்தளைக் காப்பில் ஒரு கிரீடம் தெரிந்தது. அதற்குக் கீழே பின்னிக்கொண்டு இரண்டு எழுத்து: வி.ஆர். விக்டோரியா ராணி! அவர் பட்டத்துக்கு வந்தது 1837. திப்பு செத்து 38 வருடம் கழித்து. மாமா எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அலகின் முதுகில், பிடியை ஒட்டி, பொடியாக ஐந்து இலக்க எண் இருந்தது. செய்தது லண்டனில் வாள் செய்த வில்கின்சன் கம்பெனி. அவர்கள் விற்ற தரமான வாள்களுக்கு எண் போட்டுப் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். பல எண்களுக்கு நேரே வாங்கின அதிகாரியின் பெயரே இருக்குமாம். அந்த ஸ்டாம்ப் பேப்பரைக் கிழித்துப்போடச் சொல்லிவிட்டேன். எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறோம், பார்ப்போம்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

சரி, இனிமேல் துடைக்காதீர்கள்! அலகில் எழுத்து இருந்தால் அது அமிலத்தால் மேலோட்டமாக அரித்துப் போட்டதுதான், தேய்த்தால் போய்விடும்.

வைகைக்கரை:

அதை எங்கள் வீட்டில் முப்பது வருடம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம். தாத்தா சுபேதாராக ஓய்வு பெற்றபோது அவருடைய ரெஜிமெண்டில் கொடுத்த வாள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அப்பாவின் வேலை. அரிவாள்மனை, சைக்கிள், அப்புறம் வாள். கடிதம், போட்டோ எதுவும் மிஞ்சவில்லை. போன மாதம் டார்ச் அடித்துப் பார்த்தேன். 'பிரசென்டட் டு' (இன்னாருக்கு வழங்கியது) என்ற எழுத்து பிடிக்குப் பக்கத்தில் தப்பித்து நிற்கிறது. அதற்கு அடுத்து, தாத்தா பெயர் இருந்த இடம், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது.