புதுப்பிப்பு: நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்வந்தாயிற்று

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவு என்ற கடல்தீவுக்குப் போய் அன்றே திரும்ப முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் காலை முதல் படகையே பிடியுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீவைச் சைக்கிளில் சுற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, இறங்கியதும் ஆட்டோ பேசிக்கொண்டோம். அந்த வெயிலுக்கு அதுதான் சரி. திரும்பும் படகின் நேரத்தையும் அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டை, அந்தக் காலத்தில் புறா வளர்த்த கட்டடமான புறாக்கூடு, பெருக்கு மரம் (பாவோபாப்) எல்லாம் பார்த்தோம். எதிர்பாராதது வேலிகள்தான். வீட்டுக்கு வீடு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில். சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால், கல் முழுக்கப் பூப்பூவாகப் பவளத்தின் தடம். கோட்டைச் சுவரிலும் அதே கல். அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

அப்புறம் குதிரைகள். ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை, வெட்டவெளியில் மேய்கின்றன. விலகி நின்றே பாருங்கள். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், பல கிணறுகளில் உவர்நீர்தான்.