அந்தோங்கில் சூசொக்: பெரியவர் ஊற்றும் சோஜுவை எப்படி வாங்குவது?

குமி_பொறியாளன்

எல்லாருக்கும் வணக்கம். தென்கொரியாவில், குமி நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுத் தலைவர் இந்த சூசொக் (அறுவடைத் திருநாள்) விடுமுறைக்கு அந்தோங்கில் இருக்கும் அவருடைய பெற்றோர் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "உனக்காக நல்ல சோஜு எடுத்து வைத்திருக்கிறார்" என்று வேறு சொல்லிவிட்டார்.

அலுவலக ஹ்வேஷிக்கில் (வேலை முடிந்து குழுவாகப் போகும் விருந்து) பச்சை பாட்டில் சோஜு, அதாவது கடையில் விற்கும் சாதாரணக் கொரிய மது, குடித்துப் பழக்கம் உண்டு. அங்கே இரண்டாவது சுற்றுக்கு அப்புறம் யார் எந்தக் கையில் ஊற்றுகிறார்கள் என்று எவனும் பார்ப்பதில்லை. இது வீடு, அதுவும் பழைய முறைகளை விடாத அந்தோங். காணொளி பார்த்தால் ஒருவர் இடது கையை முழங்கையில் வை என்கிறார், இன்னொருவர் நெஞ்சில் வை என்கிறார். குடிக்கும்போது முகத்தைத் திருப்ப வேண்டுமாம், எந்தப் பக்கம்? மூன்று கிண்ணத்துக்கு மேல் எனக்குத் தாங்காது, போதும் என்று எப்படிச் சொல்வது? காலையில் முன்னோருக்குப் படையல் நடக்குமாம், நான் அங்கே நிற்கலாமா, ஒதுங்கிவிட வேண்டுமா? கையில் என்ன வாங்கிப் போவது என்பதும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நக்தோங்_மருமகள்

தம்பி, நான் அந்தப் பக்கத்து வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். என் மாமனார் ஊருக்கும் அந்தோங்குக்கும் நடுவில் ஒரு மலைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கை விஷயத்தில் இரண்டு காணொளியும் சரிதான். வலது கையில் பாட்டில், இடது கை வலது முன்கைக்கு அடியில். அல்லது நெஞ்சுப் பக்கம் லேசாக. ஹான்பொக் என்ற பழைய கொரிய உடையின் சட்டைக் கை அகலமானது, நீட்டி ஊற்றும்போது குழம்பில் தோயாமல் இருக்க இடது கையால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் நிற்கிறது என்பார் மாமனார். பெரியவர் நேர் எதிரில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எதையும் யோசிக்காதே, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து ஊற்று. வாங்கும்போது கிண்ணத்தை மேசையிலிருந்து கட்டாயம் எடுக்க வேண்டும். வலது கையில் கிண்ணம், இடது உள்ளங்கை அடியில். மேசையில் வைத்தபடியே "ஊற்றுங்கள்" என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் உறுத்தும்.

தரையில் உட்காரும் வீடாகத்தான் இருக்கும். முதல் கிண்ணம் வாங்கும்போது மண்டியிட்டு உட்கார். அவரே "வசதியாக உட்கார்" என்பார், அதற்கப்புறம் சம்மணம் போட்டுக்கொள். அவர் சொல்வதற்கு முன்னால் போட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

இப்போது யாரும் காணொளியில் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். என் மாமனார் விருந்தாளியின் கையைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்ப்பார். தன் கிண்ணம் காலியானதை எதிரில் இருப்பவன் எவ்வளவு நேரத்தில் கவனிக்கிறான் என்பதுதான் அவருக்குக் கணக்கு. தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது இங்கே வழக்கமில்லை. உன் கிண்ணத்தை அவர் பார்ப்பார், அவருடையதை நீ பார்க்க வேண்டும். அதற்காகப் பாதி குடித்த கிண்ணத்தில் மேலே நிரப்பிவிடாதே. பாதிக் கிண்ணத்தில் சேர்த்து ஊற்றுவது படையலின்போது முன்னோருக்குச் செய்வது. உயிரோடு இருக்கிறவருக்கு அப்படி ஊற்றினால் வயசானவர்கள் முகம் சுளிப்பார்கள். காலியாகட்டும், பிறகு ஊற்று.

முகம் திருப்புவது: இருப்பவர்களில் மூத்தவர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் பெரியவர்கள் என்றால் வயசில் குறைந்தவர் பக்கம். கழுத்தை லேசாகத் திருப்பி, இடது கையால் கிண்ணத்தை மறைத்தாற்போல் குடித்தால் போதும். சில பையன்கள் உடம்பையே முறுக்கிச் சுவரைப் பார்த்துக் குடிக்கிறார்கள், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரியவர் முதல் கிண்ணத்தை வாயில் வைத்த பிறகுதான் உன்னுடையது.

இன்னொன்று, உன் பச்சை பாட்டில் அனுபவத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. அது ஆல்கஹாலில் தண்ணீரும் இனிப்பும் கலந்தது, 16 சதவீதம் சொச்சம். அந்தோங் சோஜு அரிசிச் சோற்றில் நுருக் (புளிக்கவைக்கும் தானியக் கட்டி) கலந்து புளிக்கவைத்து, அப்புறம் காய்ச்சி வடிப்பது. பழைய முறைப்படி 45 சதவீதம். ஒரே மடக்கில் கவிழ்த்தால் நெஞ்சு எரியும், கொடுத்தவருக்கும் வருத்தம். என் மாமனார் விரல் நுனி அளவு பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, முதலில் மூக்குக்கு அருகில் கொண்டுபோய் ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். நுருக்கின் மண் வாசனையும் லேசாகத் தீய்ந்த சோற்று வாசனையும் வரும். பிறகு நாக்கு நனைகிற அளவு. உடனே ஒரு துண்டு ஆக்டோபஸ். அந்தோங்கில் கடல் கிடையாது, ஆனாலும் வேகவைத்த ஆக்டோபஸ் இல்லாமல் அந்த ஊரில் படையலோ விருந்தோ கிடையாது. உப்பு போட்ட கானாங்கெளுத்தியும் வரும். சாப்பிட்டுக்கொண்டே குடி, வெறும் வயிற்றில் தொடாதே.

பான்க்யோ_நிரலர்

அக்கா எழுதியதைப் படித்தால் ராஜசபைக்குப் போவது மாதிரி இருக்கிறது. நான் சியோல் பக்கம் பான்க்யோவில் நிரல் எழுதும் கம்பெனியில் இருக்கிறேன், என் மேலாளர் தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றிக்கொள்கிறார், யாரும் முகத்தைத் திருப்புவதும் இல்லை. தான் குடித்த கிண்ணத்தையே நிரப்பி அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கம் கொரோனாவுக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தால் அவர்களே விட்டுக்கொடுப்பார்கள். ரொம்பப் பயமுறுத்த வேண்டாம்.

நக்தோங்_மருமகள்

பயமுறுத்தவில்லை தம்பி. பான்க்யோவில் நீ சொல்வது நடக்கும், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் போவது அந்தோங்கில் எழுபது வயசுக்காரர் வீட்டுக்கு. ஜோசொன் அரசர்கள் காலத்தில் ஊர்ப் பள்ளிகளில் குடிக்கும் முறையையே ஒரு சடங்காக நடத்திக் காட்டினார்கள், ஹியாங்-உம்-ஜுரே என்று பேர். பெரியவர்முன் எழுந்து வாங்கு, அவர் குடித்து முடிக்கும்முன் குடிக்காதே என்று பிள்ளைகள் பாடமாகவே படித்திருக்கிறார்கள். அந்த வாசனை மிச்சமிருக்கும் ஊர் அது. ஒரு பையன் முதன்முதலாகக் குடிக்கும்போது பக்கத்தில் அப்பாவோ தாத்தாவோ இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது இப்போதும் இங்கே பேச்சு.

வெளிநாட்டுக்காரன் என்று விட்டுக்கொடுப்பார்கள்தான். ஆனால் விட்டுக்கொடுக்க வைப்பதும் அவர் முகம் மலர வைப்பதும் ஒன்றா என்ன?

கியொங்ஜு_சைக்கிள்காரன்

கொஞ்சம் தள்ளிப் போகிறேன், மன்னிக்கவும். குடி என்றாலே பயபக்தி என்று நினைக்க வேண்டாம். 1975ல் இங்கே கியொங்ஜுவில், அனாப்ஜி என்ற பழைய அரண்மனைக் குளத்தைத் தோண்டும்போது மரத்தில் செய்த பதினான்கு முகப் பகடை ஒன்று கிடைத்தது, சில்லா அரசர்கள் காலத்தது. ஒவ்வொரு முகத்திலும் ஒரு தண்டனை: மூன்று கிண்ணம் ஒரேயடியாகக் குடி, சத்தமில்லாமல் ஆடு, எல்லாரிடமும் மூக்கில் குட்டு வாங்கு. அசல் பகடை ஈரத்தை உலர்த்தும் வேலையில் கருகிப் போய்விட்டது, இப்போது இருப்பதெல்லாம் நகல். ஊரில் அந்த வடிவத்தில் ரொட்டிகூட விற்கிறார்கள்.

தண்ணீர்_போதும்

நான் ஒரு சொட்டும் தொடாதவன், பூசானில் இருக்கிறேன். வேண்டாம் என்று சொல்வது பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் கிண்ணத்தை மறுக்காதீர்கள். இரண்டு கையால் வாங்கி, திரும்பி, உதட்டில் பட வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கிண்ணம் நிறைந்தே இருப்பதால், அக்கா சொன்ன அதே வழக்கப்படி யாரும் மேலே ஊற்ற மாட்டார்கள். அதாவது நீங்கள் கிண்ணத்தைக் காலி செய்யாதவரை தப்பித்தீர்கள். மருந்து சாப்பிடுகிறேன் என்பது இங்கே மதிக்கப்படும் காரணம். ஆனால் பொய்யாகச் சொன்னால் என்ன மருந்து, என்ன வியாதி என்று பாட்டி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார், எனக்கு நடந்திருக்கிறது. "எனக்கு அளவு இவ்வளவுதான்" என்று ஆரம்பத்திலேயே குழுத் தலைவரிடம் சொல்லி வைப்பது மேல். அவர் அப்பாவுக்குச் சொல்லிவிடுவார். நீங்கள் குடிக்காவிட்டாலும் மற்றவர்களுக்கு ஊற்றுங்கள், அதைத்தான் கவனிக்கிறார்கள்.

குமி_பொறியாளன்

எல்லாருக்கும் நன்றி. தண்ணீர்_போதும் அவர்களே, நிறைந்த கிண்ணம் யோசனை அருமை. அக்கா, படையலும் பரிசும் பாக்கி இருக்கிறதே? இன்னொரு சந்தேகம். குழுத் தலைவருடைய தம்பி மக்கொல்லி (கலங்கலான அரிசி மது) வாங்கி வருகிறாராம். அதற்கும் இதே முறைதானா?

நக்தோங்_மருமகள்

படையலுக்கு சாரே என்று பேர், காலையிலேயே முடிந்துவிடும். ஒதுங்க வேண்டாம், பின்வரிசையில் நில். அவர்கள் விழுந்து வணங்கும்போது நீயும் வணங்க வேண்டுமா என்று தலைவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள், வீட்டுக்கு வீடு மாறும். நடுவில் போட்டோ எடுக்காதே. முடிந்ததும் படைத்த மதுவை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குடிப்பார்கள், அதற்கு உம்பொக். அது முன்னோர் கொடுக்கும் ஆசி என்று கணக்கு. அங்கே மட்டும் ஒரு வாய் நனைத்துவிடு. கிண்ணத்தோடு கிண்ணம் மோதுவதெல்லாம் பகல் விருந்துக்குத்தான், அப்போதும் உன் கிண்ணத்தின் விளிம்பு அவருடையதைவிடத் தாழ்ந்திருக்கட்டும். (சாவு வீட்டில் எப்போதுமே மோதக் கூடாது, இதையும் தெரிந்து வைத்துக்கொள்.)

எல்லாவற்றிலும் மூத்தவர் முதலில் என்று நினைத்துக்கொண்டிருந்தால் புத்தாண்டில் குழம்புவாய். பழைய வழக்கப்படி சோலாலில் (கொரியப் புத்தாண்டு) குடிக்கும் மூலிகை மது, தோசோஜு, இளையவரிடமிருந்துதான் தொடங்கும். சின்னவனுக்கு ஒரு வயசு கூடுகிறது, பெரியவருக்கு ஒரு வருஷம் குறைகிறது, அவர் ஏன் அவசரப்பட வேண்டும் என்பார்கள்.

மக்கொல்லி வேறு சங்கதி. 6 சதவீதம்தான், அகலக் கிண்ணத்தில் மடமடவென்று குடிக்கலாம். யாரும் மோந்து பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். அடியில் வண்டல் தங்கியிருக்கும், மெல்லத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும். உலுக்கினால் பொங்கி மேசை நனையும். திறப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் பாட்டிலின் இடுப்பை ஒருதரம் நன்றாக அமுக்கிப் பிடித்து, கொஞ்சம் சாய்த்தபடி மூடியைத் திருகு, சீறாது. கெட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தால் வலது கையில் பிடி, இடது கை மூடிமேல். இரண்டு கை, முகம் திருப்புவது எல்லாம் இதற்கும் உண்டு, பெரியவர் இருந்தால்.

பரிசு. ஆப்பிள் பெட்டி மட்டும் வேண்டாம், அந்தோங்கே ஆப்பிள் ஊர். பேரிக்காய் பெட்டி நல்லது. அந்தோங் சோஜுவும் வேண்டாம், அவர் வீட்டில் அலமாரி நிறைய இருக்கும். வேறு ஊர் மது கொண்டுபோ, அதைப் பற்றிப் பேசவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். மியொன்சொன் தூக்யொன்ஜு என்று ஒன்று, தாங்ஜின் பக்கம் அசேலியா இதழ் போட்டுச் செய்வது, 2018 ஏப்ரலில் எல்லையில் இருக்கும் பான்முன்ஜொம்மில் வட, தென் கொரியத் தலைவர்கள் சந்தித்த விருந்தில் வைத்தார்கள். இல்லையென்றால் ஹான்சான் சோகொக்ஜு. இனிப்பாக இருக்கும், குடித்தவன் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே போவான் என்று பட்டப்பெயர் வாங்கிய மது, அதனால் நீ எச்சரிக்கையாக இரு. பச்சை பாட்டிலை இணையக் கடையில் வாங்கி வீட்டுக்கு வரவழைக்க முடியாது, ஆனால் பாரம்பரிய மதுவை இணையத்திலேயே வாங்கலாம். வயசு சரிபார்ப்பு கேட்கும். சூசொக் நெருங்கினால் கூரியர் தாமதமாகும், இந்த வாரமே போட்டுவிடு.

இந்த மாதிரி மது இன்றைக்குக் கடையில் கிடைப்பதே பெரிய விஷயம். 1965ல் அரிசிப் பஞ்சத்தில் அரிசியில் மது செய்யத் தடை போட்டார்கள், வடித்த சோஜு அதோடு சந்தையில் காணாமல் போனது. வீட்டுத் தேவைக்கு மது செய்துகொள்ள 1995ல்தான் மறுபடி அனுமதி. மாமியார் சின்ன வயசில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் ஜாடியை விறகுக்கு அடியில் ஒளிப்பார்களாம். அந்த வீட்டுப் பாட்டியிடம் இதைக் கேட்டுப் பார், கதை கதையாகச் சொல்வார்.

குமி_பொறியாளன்

பேரிக்காயும் தூக்யொன்ஜுவும் இப்போதே போட்டுவிடுகிறேன் அக்கா. நான் வண்டியில் போகலாம் என்று இருந்தேன், அன்று மாலையே திரும்பினால் பரவாயில்லையா?

தண்ணீர்_போதும்

வேண்டவே வேண்டாம். 2019லிருந்து இரத்தத்தில் 0.03 சதவீதம் இருந்தாலே வழக்கு, ஒரு கிண்ணமே போதும். சூசொக்கில் சாலையெங்கும் ஊதச் சொல்வார்கள், வாடகை ஓட்டுநரும் அன்று எளிதில் கிடைக்க மாட்டார். பஸ்ஸில் போங்கள், டிக்கெட்டை இன்றே எடுத்துவிடுங்கள்.